களத்தில் சொல்லிக் கொடுத்தது

என் மகளுக்குத் தொப்புளுக்குக் கீழே மூன்று கோடு உண்டு. சூடு போட்ட தழும்பு. அதைப் போட்டது யார் என்று கோர்ட்டில் நான் பொய் சொன்னேன். ஆறு வயதுப் பிள்ளையையும் சொல்ல வைத்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அஞ்சாவது வரைதான் படிப்பு. சுருக்கமாகத்தான் வரும்.

எழுபதுகளின் கடைசி. பாகூர் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் எனக்குக் களத்து வேலை. அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, அது காயக் காயக் காலால் கிண்ட வேண்டும். கிண்டுவது என்றால் நடப்பதுதான். பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து ஒரு கோடாகப் போக வேண்டும். கடைசியில் திரும்பி, பக்கத்தில் இன்னொரு கோடு. வெயில் இறங்கும் வரை இதே வேலை.

ஒரு நாள் சோறு கொண்டுவர நேரமாகிவிட்டது என்று, களத்தில் எல்லார் எதிரிலும் என் பெண்சாதியை நெல் தள்ளும் கட்டையால் முதுகில் அடித்தேன். வீட்டுக்குள் அடித்திருக்கிறேன். நாலு பேர் பார்க்க அடித்தது அதுதான் முதல். அவள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். அப்படியே சோரியாங்குப்பத்தில் இருந்த தாய் வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள்.

பிள்ளை அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தது. விட்டதும் நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு அவளிடம் கொடுக்கவில்லை. மூன்று தடவை வந்து வாசலில் நின்றாள்.

“எம் புள்ளயக் குடு.”

“புள்ள இங்கதான் இருக்குது. நீ வந்து இரு.”

“எதுக்கு, அடிபடறதுக்கா?”

கதவைச் சாத்தினேன். பிள்ளை மேல் எனக்கு ஆசை இருந்தது. அதைவிட அவளைத் தோற்கடிக்கிற ஆசை அதிகமாக இருந்தது. அப்போது இரண்டும் ஒன்று போலத்தான் தெரிந்தது.

அவள் புதுச்சேரி கோர்ட்டில் பிள்ளையைக் கேட்டு மனுப் போட்டாள். நானும் ஒரு வக்கீலைப் பிடித்தேன். அவர் என் கதையை முழுதும் கேட்கவில்லை.

“பொம்பளப் புள்ள, ஆறு வயசு. ஜட்ஜு தாய்கிட்டதான் குடுப்பாரு. அவ மேல சொல்றதுக்கு எதுனா இருக்குதா? அடிச்சா, கிள்ளினா, புள்ள ஒடம்புல தழும்பு, இப்படி எதுனா?”

“வயித்துல தழும்பு இருக்குது.”

“யாரு போட்டது?”

“அவதான்.”

“எதால?”

“கரண்டிக் காம்பக் காய்ச்சி.”

வக்கீல் எழுதிக்கொண்டார். அந்தக் கரண்டி என் வாயில் எங்கேயிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டவுடன் வந்தது.

நடந்தது வேறு. பிள்ளைக்கு நாலு வயதில் ஒரு நாள் பகலில் காய்ச்சல் ஏறி, கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தது. எங்கள் பக்கத்தில் இசிவு வந்தால் சூடு போடுவார்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் வயிற்றில் மூன்று இழுப்பு. செலியமேட்டில் ஒரு கிழவி அதற்குப் பேர் போனவள். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். பெண்சாதி பின்னாலேயே ஓடி வந்தாள். “ஆஸ்பத்திரிக்குப் போவலாம், ஆஸ்பத்திரிக்குப் போவலாம்” என்று வழியெல்லாம் சொன்னாள். நான் கேட்கவில்லை.

கிழவி பிள்ளையின் கை இரண்டையும் தன் முழங்காலுக்கடியில் வைத்துக்கொண்டாள். “கால யாருனா புடிங்க” என்றாள். பெண்சாதி முடியாது என்று திரும்பிக்கொண்டாள். நான் பிடித்தேன். மூன்று இழுப்புக்கும் பிடித்தேன். திரும்பி வரும்போது பெண்சாதி பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, புண்ணில் ஊதிக்கொண்டே நடந்தாள். வீடு வரும் வரை ஊதினாள்.

கோர்ட்டுக்குப் போன சமயத்தில் அந்தக் கிழவி உயிரோடு இல்லை. தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். கிழவி செத்தது எனக்குச் சௌகரியம் என்றும் நினைத்தேன்.

கோர்ட்டில் என் பெண்சாதி, சூடு போடத் தூக்கிப் போனது அவர்தான் என்றாள். நான், வைத்தது இவள்தான் என்றேன். ஜட்ஜு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிள்ளையையும் பெற்றவர்களையும் பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் விசாரித்து எழுதித் தரட்டும் என்று சொல்லிவிட்டார்.

களத்தில் இது தெரிந்ததும் ஒரே சிரிப்பு. என்னோடு கிண்டுகிற ஆள் ஒருவன் சும்மா இருக்க மாட்டான்.

“இன்னாடா, பைத்தியக்கார டாக்டருகிட்டயாமே? திருப்பி உடுவாங்களா உன்ன?”

“புள்ளயப் பாக்கறதுக்குடா.”

“புள்ள தெளிவாத்தான் இருக்குது. உன்னப் பாத்தாங்கன்னாதான் சங்கிலி எடுத்துகினு வருவாங்க.”

நானும் சிரித்தேன். உள்ளுக்குள் வேறு யோசனை. டாக்டர் கேட்டால் பிள்ளை சொல்ல வேண்டுமே.

வீட்டில் ஆள் இல்லாததால் பள்ளிக்கூடம் இல்லாத நேரமெல்லாம் பிள்ளை களத்துக்கு என்னோடு வரும். நான் கிண்டுவேன். அது பின்னாலேயே, என் கால் போட்ட கோட்டில் கால் வைத்து, என்னைப் போலவே பாதத்தை இழுத்துக்கொண்டு வரும். அப்படி நடக்கையில்தான் சொல்லிக் கொடுத்தேன். போகும்போது ஒன்று. எங்கம்மா கரண்டிக் காம்பக் காய்ச்சி எனக்குச் சூடு வச்சாங்க. திரும்பி வரும்போது ஒன்று. என்னைக் கொடுமைப்படுத்தினாங்க. அடுத்த கோட்டில், நான் எங்கப்பாகிட்டதான் இருப்பேன். நான் சொல்ல அது சொல்லும். பத்து நாளில் நான் சொல்லாமலே அது சொன்னது. பாட்டு மாதிரி சொன்னது. சீக்கிரம் பிடித்துக்கொள்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு அம்மா. மெட்ராஸ் பக்கத்தவர் போலப் பேச்சு. முதலில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். சூடு வைத்த அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்று கேட்டார். களத்தில் என்றேன். அப்புறம் எப்போது பார்த்தேன் என்றார். சாயங்காலம் என்றேன். புண் அப்போது எப்படி இருந்தது, பிள்ளை என்ன சொன்னது, நான் அவளை என்ன கேட்டேன் என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே போனார். கோபமில்லை, மிரட்டலில்லை. எனக்குச் சட்டை நனைந்துவிட்டது.

பிறகு பிள்ளையை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். அந்த அறைக்கு அரைக்கதவு. மேலேயும் தெரியும், கீழேயும் தெரியும். பேச்சும் கேட்கும்.

கொஞ்ச நேரம் பள்ளிக்கூடம், ஆட்டுக்குட்டி என்று பேசினார்கள். பிள்ளை சிரித்தது. அப்புறம் டாக்டரம்மா கேட்டார்.

“உன் வயித்துல ஒரு தழும்பு இருக்காமே. அதப் பத்திச் சொல்றியா?”

நாற்காலி நகர்ந்தது. கதவுக்குக் கீழே பிள்ளையின் கால் இரண்டும் தெரிந்தன. பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்துச் சுவர் வரை போனது. திரும்பியது. பக்கத்தில் இன்னொரு கோடாக வந்தது. பிள்ளை நடந்துகொண்டே மூன்றையும் சொன்னது. ஒரு எழுத்துத் தவறவில்லை.

“ஏம்மா நடக்கற?”

“நடந்தாதான் வரும்.”

“உக்காந்து சொன்னா?”

“மறந்துடும்.”

“எங்க கத்துக்கிட்ட இத?”

“களத்துல. எப்பா முன்னால போவும், நான் பின்னால போவேன்.”

“கொடுமைன்னா என்னம்மா?”

பிள்ளை யோசித்தது. “தெரில. அது திரும்பும்போது வரும்.”

பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார்.

டாக்டரம்மா பிள்ளையிடம் ஒரு துணிப் பொம்மையைக் கொடுத்தார். “இந்தப் பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல. என்ன பண்ணுவாங்க?” என்றார்.

“செலியமேட்டுக்குத் தூக்கினு போவாங்க.”

“போயி?”

“படுக்க வைப்பாங்க. நீ கையப் புடி. இல்ல இல்ல, இப்படி, முட்டிக்குக் கீழ வச்சுக்க.”

“கால யாரு பிடிக்கறது?”

“எப்பா.”

“அம்மா?”

“அம்மா அழுவும். அப்புறம் ஊதும்.”

பிள்ளை பொம்மையை ஊதுகிற சத்தம் வெளியே கேட்டது. நிறுத்தாமல் ஊதியது.

பாகூர் பஸ்ஸில் பிள்ளைக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. அது என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தது.

“எப்பா, தப்பா சொல்லிட்டனா?”

“ஆமா.”

“எது தப்பு?”

“எல்லாந்தான். செலியமேட்டுக்கு யாரும் உன்னத் தூக்கினு போவல. உங்கம்மாதான் சூடு வச்சா. நீ சின்னப் புள்ள, உனக்கு ஞாவகம் இல்ல.”

பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

“அப்ப நான் டாக்டருகிட்ட பொய் சொல்லிட்டனாப்பா?”

“ஆமா.”

நான் பிள்ளையை அடித்ததில்லை. கையால் அடித்ததில்லை. அன்றைக்கு அந்த பஸ்ஸில் சொன்னதுதான் நான் அவளுக்குச் செய்ததிலேயே பெரிது. அது தெரிந்தேதான் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவை களத்தில் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டில் சாக்கை விரித்து உட்கார வைத்தேன். உட்கார்ந்தபடி சொல்ல வேண்டும், காலை ஆட்டக் கூடாது. செலியமேடு என்று வாயில் வரக் கூடாது. ஒரு நாள் வந்துவிட்டது. அன்றைக்குச் சோறு போடவில்லை.

இரண்டாவது தடவை பெண்சாதியையும் வரச் சொல்லியிருந்தார்கள். பெஞ்சின் ஒரு கோடியில் அவள், மறு கோடியில் நான். பிள்ளை அவளிடம் ஓடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஓடினால் நான் என்ன சொல்வேனோ என்று.

பிள்ளை உள்ளே போனது. கால் தொங்கியபடியே இருந்தது, ஆடவில்லை. உட்கார்ந்தே சொன்னது.

“அன்னைக்கு நான் சொன்னது பொய். எங்கம்மாதான் சூடு வச்சாங்க. அடுப்பாண்ட குந்திகினு ஊதினாங்க. ஊத ஊதக் கரண்டி செவப்பாச்சு. அப்புறம் வச்சாங்க.”

என் பெண்சாதி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அடுப்பும், குந்தியதும், ஊதியதும் நான் சொல்லிக் கொடுக்காதது.

டாக்டரம்மா பிள்ளையை அம்மாவிடம் உட்கார வைத்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

“ஊதினது நீங்க சொல்லிக் கொடுத்ததா?”

“இல்லீங்க.”

“அப்ப அவளா சேர்த்துக்கிட்டா. பெரியவங்க திரும்பத் திரும்பச் சொன்னா குழந்தைக்கு அது கண்ணால பார்த்ததாவே ஆயிடும். புண்ணுல ஊதின அம்மாவ இப்ப அடுப்புல ஊத வச்சிருக்கா. நான் யாருகிட்ட குழந்தையக் குடுக்கணும்னு எழுதறது வேற விஷயம். இவ வாழ்நாள் பூரா இந்த அம்மாவோட முகத்தப் பார்க்கணும். அதுக்கு என்ன பண்ணப் போறீங்க, அதச் சொல்லுங்க.”

நான் தலையைக் குனிந்தபடி, “கால் புடிச்சது நான்தாங்க” என்றேன்.

“ஜட்ஜுகிட்ட சொல்வீங்களா?”

“சொல்றேன்.”

“அதுக்கு முன்னால வெளிய போயி அவகிட்ட சொல்லுங்க. மொதல் தடவ நீ பொய் சொல்லல, நான்தான் சொன்னேன்னு. நீங்க சொன்னாத்தான் அவளுக்கு எடுபடும். இப்பவே சொல்லணும். நாள் ஆக ஆகக் கெட்டியாயிடும்.”

சரி என்று வெளியே வந்தேன். சொல்லத்தான் வந்தேன். பிள்ளை பெஞ்சிலிருந்து இறங்கி ஓடி வந்து என் கையைப் பிடித்தது.

“எப்பா, இந்தத் தடவ சரியா சொன்னனா?”

பெண்சாதி பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள். பிள்ளையின் முகம் மேலே தூக்கியபடி இருந்தது. இரண்டு வாரமாக அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. நான் ஆம் என்றால் வரும்.

“சரியா சொன்ன” என்றேன்.

சிரித்தது.

கோர்ட்டில் ஜட்ஜிடம் உண்மையைச் சொன்னேன். வக்கீல் பைலைக் கட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, “முன்னாடியே சொல்லியிருந்தா என் மானமாவது மிஞ்சியிருக்கும்யா” என்று போய்விட்டார். பிள்ளை தாயிடம் என்று தீர்ப்பானது. ஞாயிற்றுக்கிழமையில் நான் போய்ப் பார்க்கலாம்.

முதல் ஞாயிறு சோரியாங்குப்பம் போனேன். பிள்ளை வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“சரியா சொன்னேன்னியேப்பா. அப்புறம் ஏன் என்ன உட்டுட்ட?”

“ஜட்ஜு சொல்லிட்டாரு” என்றேன்.

திரும்பும்போது பெண்சாதி தெருமுனை வரை வந்தாள்.

“சொன்னியா?”

“இல்ல.”

“நான் சொல்லிப் பாத்துட்டேன். நம்பல. எப்பாவே சரின்னு சொல்லிச்சேங்குது. என் பக்கத்துல படுக்க மாட்டேங்குது. நீ சொல்லு. உனக்கு வேற எந்த வேலயும் இல்ல, இத மட்டும் சொல்லு.”

“அடுத்த வாரம் சொல்றேன்.”

அடுத்த வாரமும் அதையே சொன்னேன். ஒவ்வொரு ஞாயிறும் அவள் தெருமுனை வரை வந்து கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். தெருமுனைக்கு வருவதையும் விட்டுவிட்டாள். நான் போய்க்கொண்டுதான் இருந்தேன். பொரி, ரிப்பன், நோட்டுப் புத்தகம் என்று எதையாவது கொண்டுபோவேன். அந்த ஒன்றை மட்டும் கொண்டுபோகவில்லை. பிள்ளைக்கு மறந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிள்ளைக்குப் பதினாலு வயது ஆனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெண்சாதி அடுப்படியிலிருந்து குழம்புக் கரண்டியோடு வந்து, உப்புப் பார் என்று மகளிடம் நீட்டினாள். மகளின் ஒரு கை கரண்டிக்குப் போனது. இன்னொரு கை தானாக வயிற்றுக்குப் போய் மூடிக்கொண்டது. ஒரு நொடிதான். பெண்சாதி கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

பெண்சாதி தண்ணீருக்குப் போன பிறகு, மகள் விதைக்கு மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். செலியமேடு, கிழவி, கால் பிடித்தது, களத்தில் சொல்லிக் கொடுத்தது, பஸ்ஸில் சொன்னது. எதையும் விடவில்லை. சொல்லி முடிக்க எட்டு நிமிஷம்கூட ஆகவில்லை. எட்டு வருஷம் அதற்கு.

மகள் உரிப்பதை நிறுத்தவில்லை.

“அப்ப நான் டாக்டருகிட்ட மொதல்ல சொன்னது நெசமா?”

“நெசம்.”

“நான் பொய் சொல்லலியா?”

“நீ சொல்லல. நான்தான்.”

ஒரு கை மல்லாட்டை உரித்தாள். இன்னொரு கை எடுத்தாள்.

“நீ சொல்றத நம்புறேன்பா. அம்மாவும் அதான் சொல்லுது. ஆனா எனக்குச் செலியமேடு தெரியல. அந்த ஆயாவத் தெரியல. அம்மா அடுப்பாண்ட குந்திகினு ஊதறதுதான் தெரியுது. கரண்டி செவப்பா இருக்குது. இப்பக்கூடத் தெரியுது.”

“அது வலிக்குதேன்னு புண்ணுல ஊதுனதும்மா. வழியெல்லாம் ஊதிகினே வந்தா.”

“சரிப்பா” என்றாள். குரலில் கோபம் இல்லை. எனக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி இருந்தது. “அம்மாகிட்ட நான் இதச் சொல்ல மாட்டேன். அது அழும்.”

நான் கிளம்பினேன். தெருவில் பெண்சாதி குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். என் முகத்தில் என்ன கண்டாளோ, நின்றாள்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“இன்னா சொன்னா?”

குடம் அவள் இடுப்பில் இருந்தது. தண்ணீர் தளும்பிப் புடவை அந்தப் பக்கம் நனைந்திருந்தது.

“நம்பிட்டா” என்றேன்.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். நடுத்தெருவில் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க வந்தது. அப்புறம், எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, “சாப்ட்டுட்டுப் போ” என்றாள்.

நான் போய் உட்கார்ந்தேன். அவள் போட்டாள். மகள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு மல்லாட்டை உரித்தாள். நான் சாப்பிட்டேன்.